சிவப்புச் சீட்டு தொங்கிய வீடு

இரவு ஒன்றேகால் மணி. ஜனவரி மாதம். ஆர்போர்க் ஊருக்கு வடக்கே போகிற சரளைச் சாலை... பதினெட்டு கிலோமீட்டருக்கு ஒரு விளக்குகூடக் கிடையாது. மைனஸ் முப்பத்தெட்டு. அந்தக் குளிரில் நிறுத்தி வைத்த வண்டியின் டயர் ஒரு பக்கம் தட்டையாகி உறைந்துவிடும். கிளம்பினால் முதல் இரண்டு மைலுக்கு டொக்... டொக்... டொக்... என்று நொண்டிக்கொண்டே ஓடும். அப்படித்தான் வேனில் போய்க்கொண்டிருந்தாள் லெஸ்யா.

சிரிக்காதே லார்ஸ். உறைந்து கிடக்கிற இந்த ஏரியில் துளை போட்டு நீ இறக்கியிருக்கிற தூண்டிலுக்கு இன்றைக்கு ஒன்றும் மாட்டப் போவதில்லை. கதையையாவது கேள்.

இது எனக்கு நடந்ததில்லை. எனக்கு நடந்திருந்தால் மறுநாளே வேன் சாவியை முதலாளி மேஜையில் போட்டுவிட்டு வெயில் அடிக்கிற ஊராகப் பார்த்துப் போயிருப்பேன். பதினோரு வருஷம் என்னோடு ஒரே வேனில் வேலைக்கு வந்த பெட்ரோவின் அக்கா மகளுக்கு நடந்தது. அவள்தான் லெஸ்யா. ஆள் குள்ளம், வாய் மட்டும் ஆறடி. நம் எல்லோர் வீட்டு நிலவறையிலும் வீட்டைச் சூடாக்கக் கேஸில் எரிந்து உறுமிக்கொண்டு கிடக்கிறதே ஃபர்னஸ், அதைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் அவள் பிழைப்பு. அன்றைக்கு இரவுப் பணி அவள் முறை.

ஃபோனில் கூப்பிட்டது மேரிவிக் என்ற ஒரு ஃபிலிப்பினோப் பெண். புருஷன் வடக்கே சுரங்கத்தில், இரண்டு வாரம் கழித்துத்தான் வருவான். காரும் அவனிடம். வீட்டில் இவளும் இரண்டு பிள்ளைகளும். "அக்கா, ஃபர்னஸ் எரியுது, அணையுது, எரியுது... பெரியவன் ரெண்டு வாட்டி வாந்தி எடுத்துட்டான். சின்னவ தூங்கிக்கிட்டே இருக்கா, எழுப்பினா கண்ணே திறக்க மாட்டேங்குறா."

லெஸ்யா ஒரு கையால் கோட்டை மாட்டிக்கொண்டே பேசினாள்.

"தூங்க விடாத. இப்பவே எழுப்பு. கன்னத்துல தட்டு. கோட்டு போட்டு ரெண்டு பேரையும் முன்வாசலுக்குக் கூட்டிட்டு வந்துரு. கதவ அகலத் திற."

"குளிரு அக்கா..."

"குளிரட்டும்! குளிருல அழுதா உயிரோட இருக்காங்கன்னு அர்த்தம். திற!"

அந்த டொக்... டொக்... சத்தத்தோடு அவள் எப்படி ஓட்டினாள் என்று அவளுக்கே தெரியாதாம்.

வயல்களுக்கு நடுவே ஒற்றை வீடு. வாசலில் மூன்று பேரும் ஒரே போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு நின்றார்கள். படியில் கால் வைத்ததுமே அவள் கோட்டில் மாட்டியிருந்த மீட்டர் கத்த ஆரம்பித்தது. பீ... பீ... பீ... கார்பன் மோனாக்சைடு. நிறம் கிடையாது, வாடை கிடையாது. தலைவலி வரும், தூக்கம் வரும், அப்புறம் எதுவும் வராது.

பிள்ளைகளைத் தூக்கி வேனில் போட்டு ஹீட்டரை முழுக்கத் திருப்பினாள். நாலு வயது டாலா அப்போதுதான் கண்ணைத் திறந்து சிணுங்கினாள். அந்தச் சிணுங்கலைக் கேட்டதும் போன உயிர் திரும்பி வந்ததாக லெஸ்யா பின்னால் சொன்னாள்.

மேலே இருந்தபடியே ஃபர்னஸை அணைத்து, வீட்டின் கதவையெல்லாம் திறந்து போட்டு, அரை மணி நேரம் காற்றாட விட்டு, மீட்டர் வாய் மூடிய பிறகுதான் நிலவறைக்கு இறங்கினாள். விஷக் காற்றுக்கு வாடை கிடையாது என்றேன் அல்லவா... ஆனால் அங்கே ஒரு வாடை இருந்தது. ஈரக் கம்பளி. மூக்குப்பொடி. யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி.

பழைய ஃபர்னஸ். முன் தகட்டில் கரி நாக்கு மாதிரி ஏறியிருந்தது. ஜுவாலைக்குக் காற்று போதவில்லை. ஏன் போதவில்லை என்று கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நம் ஊரில் காலங்காலமாக நடக்கிற கூத்துதானே இது. நெருப்புக்குக் காற்று கொண்டு வர வெளிச்சுவரிலிருந்து ஒரு குழாய் நிலவறைக்குள் இறங்கும். ஐந்து அங்குல வாய். அதன் வழியாகச் சில்லென்று காற்று வந்து காலில் அடிக்கும். உடனே எவனாவது ஒரு புத்திசாலி அதில் கந்தலை அடைத்துவிடுவான். அடைத்ததும் கால் சூடாகும், பெருமையாக இருக்கும். நெருப்பு மூச்சு முட்டி விஷத்தைக் கக்குவது கண்ணுக்குத் தெரியாது. போதாக்குறைக்குப் போன வாரம்தான் மேரிவிக் ஜன்னலுக்கெல்லாம் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தாள். ஒரு இடுக்கு விடாமல்.

லெஸ்யா குழாய்க்குள் கையை விட்டு இழுத்தாள். சாம்பல் நிறக் கம்பளிக் காலுறை ஒன்று வந்தது. நீல வரி போட்டது. கையால் பின்னியது.

வெளியே மைனஸ் முப்பத்தெட்டு. குழாயின் தகரத்தைத் தொட்டால் விரல் ஒட்டிக்கொள்ளும். அந்தக் காலுறை... சூடாக இருந்தது. ஒருவர் காலிலிருந்து உருவின மாதிரி. குதிகால் வடிவம்கூடக் கலையவில்லை.

ஃபர்னஸ் சூடு ஏறியிருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். எதையாவது நினைத்துக்கொள்ள வேண்டுமே!

இங்கேதான் அவள் ஒரு தப்புச் செய்தாள். அவளே ஒப்புக்கொண்ட தப்பு. சட்டப்படி அப்போதே கேஸை மூடிப் பூட்டுப் போட்டு, இதை யாரும் எரிக்கக்கூடாது என்கிற சிவப்புச் சீட்டைத் தொங்கவிட்டிருக்க வேண்டும். ஆனால் அந்தக் குளிரில் ஒரு தாயையும் இரண்டு பிள்ளைகளையும் சூடில்லாமல் விட மனசு வரவில்லை. அடைப்பை எடுத்தாயிற்றே என்று ஒரு தடவை எரித்துப் பார்த்தாள். நீல ஜுவாலை, அழகாக எரிந்தது. மீட்டர் சும்மா இருந்தது. சரி, பிள்ளைகளை உள்ளே கொண்டு வரலாம் என்று வேனுக்குப் போனாள்.

போய்த் திரும்ப எவ்வளவு நேரம்? நாலு நிமிஷம். டாலாவைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் கால் வைக்கிறாள்...

பீ... பீ... பீ...

பிள்ளையை மறுபடி வேனில் போட்டுவிட்டு ஓடி இறங்கினாள். மஞ்சள் ஜுவாலை நாக்கை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. குழாய் வாயில் இன்னொரு காலுறை. அதே நீல வரி. இதுவும் சூடு.

மேலே வந்து மேரிவிக்கைப் பிடித்துக்கொண்டாள். "வீட்ல வேற யாரு இருக்கா? உண்மையச் சொல்லு. கோவிச்சுக்க மாட்டேன்."

"சத்தியமா யாருமில்ல அக்கா. நவம்பர்லதான் குடி வந்தோம். ஒம்பது வருஷமா பூட்டிக் கெடந்த வீடுன்னு சொன்னாங்க. கீழ போக புள்ளைங்களுக்குப் பயம்... நானும் போறதில்ல."

இந்த முறை லெஸ்யா இரக்கப்படவில்லை. கேஸைத் திருகி மூடினாள். கைப்பிடியில் சங்கிலி போட்டுப் பூட்டினாள். மின்சார சுவிட்சை அணைத்தாள். தேதி, மணி, காரணம், கையெழுத்து எல்லாம் போட்டுச் சிவப்புச் சீட்டைக் கட்டித் தொங்கவிட்டாள்.

கட்டி முடிக்கவில்லை... வெளியே பனிவண்டி உறுமியது. வீட்டுச் சொந்தக்காரர் குன்னார் வந்துவிட்டார். வயலுக்கு அந்தப் பக்கம் அவர் வீடு. வேன் வெளிச்சத்தைப் பார்த்து எழுந்து வந்திருக்கிறார். அறுபது வயது, கதவு அளவுக்கு ஆள், மீசையெல்லாம் பனி. படியில் திம் திம் என்று இறங்கினார்.

"என்னம்மா இது கூத்து? சீட்டு? என் வீட்ல? அவுத்து எறி அத!"

"எறிய முடியாது."

"விடியறதுக்குள்ள தண்ணிக் குழாயெல்லாம் வெடிச்சுரும். தெரியுமா உனக்கு?"

"குழாய மாத்திக்கலாம் பெரியவரே. மேல வேன்ல மூணு பேரு இருக்காங்க, அவங்கள எந்தக் கடையில போய் வாங்குவீங்க?"

"எங்க அப்பா தன் கையால வெச்ச ஃபர்னஸ் இது. முப்பது வருஷம் ஓடுச்சு. நேத்து ஸ்க்ரூட்ரைவர் பிடிச்ச பொண்ணு நீ எனக்குச் சொல்றியா? உன் முதலாளிக்கு ஃபோன் போடுறேன். உன் லைசென்ஸ கிழிக்க வைக்கிறேன் பாரு!"

"போடுங்க. நம்பர் வேன்ல பெரிய எழுத்துல இருக்கு. என் பேரு லெஸ்யா. எழுத்துக்கூட்டிச் சொல்லட்டுமா?"

அவர் சீட்டைப் பிடுங்கக் கையை நீட்டினார். இவள் நடுவில் வந்து நின்றாள். அவர் மார்பு உயரம்கூட இல்லை இவள்.

"என்னை நகத்திட்டு எடுங்க, பாக்கலாம். ஆனா எடுக்கறதுக்கு முன்னாடி இத என்னன்னு சொல்லுங்க. உங்க காத்துக் குழாய்க்குள்ள இருந்துச்சு." இரண்டு காலுறையையும் அவர் கையில் திணித்தாள்.

குன்னார் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். குதிகாலில் ஒட்டுப் போட்ட இடத்தை விரலால் தடவினார். பிறகு அந்தப் பெரிய மனிதர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"இது எங்கம்மா பின்னினது" என்றார். குரலே மாறிவிட்டது. "அப்பா கடைசி காலத்துல இங்கதான் உக்காருவாரு. நாற்காலி இங்க, கால் அந்தக் குழாய்ப் பக்கம். கால் குளிருது, கால் குளிருதுன்னு ஒரே புலம்பல். ஒரு நாள் காலையில வந்து பாத்தா உக்காந்தபடியே போயிருந்தாரு. நெஞ்சு நின்னுருச்சுன்னாங்க. நாங்களும் வயசாயிருச்சுன்னு விட்டுட்டோம். பெட்டியில வைக்கிறப்ப அம்மா பின்னின சாக்ஸ போட்டு அனுப்பலாம்னு வீடு முழுக்கத் தேடினோம். கிடைக்கவே இல்ல... வெறுங்காலோடதான் புதைச்சோம்."

அவர் மீசைப் பனி உருகிச் சொட்டுகிற சத்தம் மட்டும்.

அப்போது... டிக்.

இருவரும் ஃபர்னஸைப் பார்த்தார்கள்.

டிக்... டிக்... டிக்...

சுவிட்ச் அணைத்திருக்கிறது. கேஸ் கைப்பிடி மூடிய நிலையில் குறுக்கே கிடக்கிறது, சங்கிலியும் பூட்டும் அப்படியே. சிவப்புச் சீட்டு லேசாக ஆடியது.

ஃபூம்.

பற்றிக்கொண்டது. மஞ்சளாக. லெஸ்யாவின் கோட்டில் மீட்டர் அலற ஆரம்பித்தது. ஈரக் கம்பளி வாடை குப்பென்று மூக்கில் ஏறியது.

நானாக இருந்தால் ஓடியிருப்பேன். நீயும் ஓடியிருப்பாய் லார்ஸ், மீசையை முறுக்காதே. அவளுக்கும் ஓடத்தான் தோன்றியது. ஆனால் கேஸை மூடியும் எரிகிற நெருப்பை இப்படியே விட்டுப் போனால் நாளைக்கு இந்த வீட்டில் யார் எப்படிப் படுப்பார்கள் என்று ஒரு கோபம் வந்தது. அந்தக் கோபம் பயத்தை முந்திக்கொண்டது. மூச்சை அடக்கிக்கொண்டு குழாய்ப் பக்கம் போனாள். காலுறை இரண்டும் குன்னார் கையில் இருக்கின்றன. அப்படியானால் இப்போது அடைத்துக்கொண்டிருப்பது எது?

உள்ளே கையை விட்டாள்.

தட்டையாக ஏதோ. கடினமாக. உறைந்த இறைச்சியின் சில்லிப்பு. விரலால் தடவினாள்... ஒரு வளைவு. ஒரு மேடு. வரிசையாக ஐந்து உருண்டைகள், ஒன்று பெரிது, மற்றவை சிறிது.

பாதம்.

வெறும் பாதம். குழாயை உள்ளிருந்து உள்ளங்காலால் அழுத்தி மூடிக்கொண்டிருந்தது.

கையை எடுக்கவில்லை அவள். எடுக்கவில்லை! பெருவிரலைப் பிடித்துக்கொண்டாளாம். பிடித்துக்கொண்டு, அடக்கிய மூச்சையெல்லாம் ஒரே கத்தாகக் கத்தினாள்.

"எடு கால! பெரியவரா இருந்தா எனக்கென்ன? உனக்குக் கால் குளிருதுன்னா நாலு வயசுப் புள்ள சாகணுமா? நீ செத்தது உன் சாக்ஸால. போதாதா? இது நெருப்புக்கு மூச்சு விடற வழி, உன் கால வைக்கிற இடமில்ல. குளிருதுன்னா எல்லாரையும் போல மேல போய்ப் போர்வைக்குள்ள படு! இனி இந்தக் குழாயில உன் விரல் நுனி பட்டுச்சு... ஒடைச்சுருவேன்!"

பிடித்த விரல் ஒரு முறை அசைந்தது. பிறகு பாதம் மெதுவாக... மெதுவாகப் பின்னால் போனது. தகரத்தில் நகம் உரசுகிற சத்தம். க்ரீ... ச். அதன் பின்னாலேயே காற்று பீறிட்டுக்கொண்டு வந்து அவள் முகத்தில் அறைந்தது. ஃபர்னஸ் தானாக அணைந்தது.

குன்னார் படியில் உட்கார்ந்தபடி குழந்தை மாதிரி அழுதார். அழுது முடித்து எழுந்து, மேரிவிக்கையும் பிள்ளைகளையும் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். குழாய்கள் வெடிக்காமலிருக்கத் தண்ணீரையெல்லாம் அவரே வடித்து விட்டார். லெஸ்யா மட்டும் போகவில்லை. ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, குழாயைப் பார்த்தபடி கோட்டோடு உட்கார்ந்திருந்தாள், விடிகிற வரைக்கும். எதற்கு என்று பெட்ரோ கேட்டதற்கு, "மறுபடி கால வைக்குதான்னு பாக்கத்தான் மாமா. சொன்னா சொன்னபடி நடக்கணும்ல?" என்றாளாம்.

அந்த வாரமே புது ஃபர்னஸ் வந்தது. மூடிய வகை. அறைக் காற்றைத் தொடாது, வெளியிலிருந்து தனக்கென்று ஒரு குழாயில் மூச்சு இழுத்து, இன்னொன்றில் விடும். லெஸ்யாதான் பொருத்தினாள். இரண்டு குழாயையும் எவ்வளவு பனி கொட்டினாலும் மூடாத உயரத்தில் வைத்தாள். ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவிக் கசிவு பார்த்தாள். பழைய குழாயின் வாய்க்குத் தகடு வைத்து ஆணி அடித்தாள். மேலே பிள்ளைகள் அறைக்கு வெளியே ஒரு அலாரம், கீழே ஒன்று. குன்னார் பக்கத்தில் நின்று விளக்குப் பிடித்தார்.

அதோடு முடிந்திருந்தால் இதை ஒரு கதை என்று உனக்குச் சொல்லியிருக்க மாட்டேன்.

அக்டோபரில் வருஷாந்தர சர்வீஸுக்குப் போனாள். பட்டப்பகல், மூன்று மணி. வடிகட்டியை மாற்றினாள், ஜுவாலையைப் பார்த்தாள், மீட்டர் சுத்தமாகப் பூஜ்யம். மேலே வந்தால் மேரிவிக் சூடாக நூடுல்ஸ் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். லெஸ்யாவைச் சாப்பிட வைத்தாள். பிறகு மெல்ல, "அக்கா... ஃபர்னஸ் நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

"வேற என்ன நல்லா இல்ல?"

பிள்ளைகள் அறைக்குக் கூட்டிப்போனாள். ஒரே பெரிய கட்டில். இரண்டு பிள்ளைகள் படுத்த பள்ளம் தெரிந்தது. அதற்கு நடுவில்... மூன்றாவதாக ஒன்று. நீளமாக. கட்டிலின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும்.

"எப்ப இருந்து?"

"அந்த ராத்திரிக்கு அப்புறம் இந்த வீட்டுக்குத் திரும்பி வந்தோம் பாருங்க, அன்னையிலருந்து."

லெஸ்யாவுக்கு அப்போதுதான் உறைத்தது. மேலே போய்ப் போர்வைக்குள் படு என்று சொன்னது யார்?

"ஏன் வீட்ட மாத்தல நீ? பயமா இல்ல?"

மேரிவிக் இடுப்பில் கையை வைத்தாள். "எதுக்கு மாத்தணும்? வாடகை கட்டுறது நான். அந்தத் தாத்தாவா கட்டுறாரு? ஓரமாப் படுன்னு தினமும் திட்டுறேன். கேக்க மாட்டேங்குறாரு, நடுவுலதான் படுக்குறாரு. எனக்குப் பயமில்ல அக்கா. ஆனா..." அவள் குரல் இறங்கியது. "சின்னவளோட காலப் பாருங்க."

டாலா காலை நீட்டினாள். இரண்டு பாதமும் நீலம் பாரித்திருந்தன. கன்றிய நீலம் இல்லை, குளிரில் விறைத்தால் வருமே அது. வீட்டில் இருபத்தொரு டிகிரி சூடு. லெஸ்யா கையில் எடுத்துத் தேய்த்தாள். அந்தச் சில்லிப்பு அவள் கைக்குத் தெரிந்த சில்லிப்பு.

"தாத்தா என் கால்மேல கால் போட்டுப்பாரு" என்றாள் டாலா. "அவருக்குச் சூடு பத்தலியாம். கீழ இருந்து ஒரு அக்கா அனுப்பினாங்களாம். அந்த அக்கா வீடு எங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்காரு. எனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டேன்."

ஹாலில் ஃபர்னஸ் காற்று மட்டும் மெல்ல வந்துகொண்டிருந்தது.

லெஸ்யா பிள்ளையின் காலைப் போர்வையில் சுற்றினாள். கட்டில் பக்கம் திரும்பினாள். அந்த நீளப் பள்ளத்தைப் பார்த்துப் பேசினாள், எதிர்த்த வீட்டுக்காரரிடம் பேசுகிற மாதிரி.

"ஆர்போர்க், மூணாவது தெரு, தண்ணித் தொட்டிக்குப் பக்கத்து வீடு. பச்சைக் கதவு. நான் தனியாத்தான் இருக்கேன், கட்டில் பெரிசு. இந்தப் புள்ளைய விட்டுட்டு அங்க வாங்க. ஆனா ஒண்ணு பெரியவரே... என் வீட்ல கால் போடுற வேலையெல்லாம் நடக்காது. ஒரு ஓரம் உங்களுது, ஒரு ஓரம் என்னுது."

சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். வேனில் பக்கத்து இருக்கையின் கதவை ஒரு முறை திறந்து, கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு மூடினாள் என்று ஜன்னலிலிருந்து பார்த்த மேரிவிக் சொன்னாள்.

மறுநாள் காலை டாலாவின் கால் ரோஜா நிறத்தில் இருந்தது. கட்டிலில் இரண்டே பள்ளம்.

இதெல்லாம் நடந்து ஆறு வருஷம் ஆகிறது. லெஸ்யா இன்னும் அதே பச்சைக் கதவு வீட்டில்தான் இருக்கிறாள், தனியாக. போன மாதம் பெட்ரோ அவளைப் பார்க்கப் போய், பனிப்புயலில் மாட்டிக்கொண்டு, அங்கேயே தங்க வேண்டியதாயிற்று. அவன் படுத்தது ஹாலில் சோஃபாவில். நடுராத்திரியில் அவள் அறையிலிருந்து குரல் கேட்டு விழித்தானாம். தூக்கக் கலக்கத்தில் யாரையோ அதட்டுகிற குரல்.

"தள்ளிப் படுங்க பெரியவரே. எத்தன வாட்டி சொல்றது?"

பிறகு... கட்டில் கிறீச்சிட்டது. கனமான ஓர் ஆள் புரண்டு படுக்கிற மாதிரி.